சீட்டு எழுதும் அந்தப் பெண்

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை யார் நீட்டினாலும் முதலில் பேரையும் வயசையும் பார்த்துவிட்டுத்தான் சர்க்கரை அளவுக்கு வருவேன். 'எஸ். லட்சுமி, வயது 45' என்று ஒரே காலையில் ஒரு லேபுக்கு இரண்டு பேர் வரலாமே! அவர்களைப் பிரித்துக் காட்டுவது, முன்னால் உட்கார்ந்து சீட்டு எழுதுகிற பெண்தான்.

"காப்பி குடிச்சீங்களாம்மா?" என்று அவர் கேட்டாக வேண்டும். வெறும் வயிறு என்றால் 8 மணி நேரமாவது பட்டினி. சாப்பிட்ட பிறகு என்றால், சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து 2 மணி நேரம். கேட்காமல் விட்டால், காப்பி குடித்தவரின் அளவை வெறும் வயிற்று அளவு என்று மெஷின் அழகாக அச்சடித்துக் கொடுத்துவிடும். தேரையர் சொன்ன நீர்க்குறியிலும் முந்தின நாள் சாப்பாடு, விடியற்கால நீர், ஒரு முகூர்த்தத்துக்குள் பார்ப்பது என்று நிபந்தனைகள் உண்டு.

ஆனால் டைப்பிங் தெரிந்தால் போதும் என்று ஆள் எடுக்கிறார்கள். பணம் வாங்கணும், போன் எடுக்கணும், கூட்டத்திடம் வசவும் வாங்கணும், பாவம். லேப் நடத்துகிறவர்கள் அவருக்கும் முறையாகப் பயிற்சி தரட்டும். நீங்களும் ஊசி குத்தியதும் ஓடாதீர்கள். குழாயில் உங்கள் பேர் ஒட்டியாச்சா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.