ரிப்பீட் வகுப்பில் சேர்வதற்கு முன் ஒரு கிழமை பொறுங்கள்



உயர்தரப் பெறுபேறு வருகிற நாளில் எங்கள் ஊரில் இரண்டு வகை வீடு இருக்கும். ஒரு வீட்டில் இனிப்புப் பகிர்வார்கள். பேஸ்புக்கில் படம் போடுவோம், பள்ளிக்கூட மதிலில் பேனர் கட்டுவோம். மற்ற வீட்டில் கதவு சாத்தியிருக்கும். மருத்துவ பீடத்துக்குக் கொஞ்சம் குறைந்துபோன பிள்ளையின் வீடு அது. அந்த வீட்டைப் பற்றித்தான் இன்று எழுதுகிறோம். பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் உயிரியல் பிரிவு படிக்கிற பிள்ளை இருந்தால் கடைசி வரை வாசியுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். நாங்கள் கல்வியியற் கல்லூரியில் பயிற்சி பெற்று, சாதாரண தரத்துக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறவர்கள். உயர்தர ரியூஷன் மாஸ்டர்கள் அல்ல. ஆனால் எங்களிடம் தரம் 10, 11 படித்த பிள்ளைகள்தான் உயர்தரத்தில் தடுக்கி விழுந்த பிறகு, "இனி என்ன செய்ற டீச்சர்?" என்று கேட்டுக்கொண்டு திரும்பி வருகிறார்கள். பல வருடமாக நாங்கள் எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொல்லி வந்தோம். "பரவாயில்ல மகள், செக்கண்ட் ஷை எடுங்க. இன்ஷா அல்லாஹ் கிடைக்கும்."

அந்தப் பதில் போதாது என்பதை ஒரு பிள்ளைதான் எங்களுக்குப் படிப்பித்தாள். பெயர் சொல்லமாட்டோம்.

முதல் தடவையில் உயிரியல் ஏ, இரசாயனவியல் ஏ, பௌதிகவியல் சீ. நாங்கள் வழக்கம்போல ஆறுதல் சொல்லி அனுப்பினோம். வாப்பா கட்டாரில். அவர் அனுப்பிய காசில் மூன்று பாடத்துக்கும் வகுப்பு. உயிரியலுக்கு மட்டும் இரண்டு இடத்தில். ஒரு வருடம் அந்தப் பிள்ளை கல்யாண வீடு, பெருநாள் என்று ஒன்றுக்கும் போகவில்லை. பெறுபேறு வந்தது. மறுபடியும் ஏ, ஏ, சீ.

மூன்றாம் தடவைக்கு முன் எங்களிடம் வந்தபோதுதான் கொப்பிகளைக் கேட்டுப் பார்த்தோம். உயிரியல் கொப்பி நாலு நிறப் பேனாவில் அழகாக இருந்தது. பௌதிகவியல் ரியூட்டில் பாதிப் பக்கம் வெறுமை. சரி, இருந்து செய் என்று சொல்லி, பழைய பௌதிகவியல் பேப்பர் ஒன்றை மணிக்கூட்டை வைத்துச் செய்ய விட்டோம். எம்சீகியூ 50 கேள்வி, 2 மணித்தியாலம். நேரம் முடியும்போது அவள் 34 ஆவது கேள்வியில் நின்றாள். விட்ட 16 கேள்வியையும் பிறகு ஆறுதலாகச் செய்யச் சொன்னோம். 11 சரி.

அதாவது, அவளுக்குப் பாடம் தெரியாமல் இல்லை. நேரத்துக்குள் செய்யத் தெரியவில்லை. கல்குலேட்டர் இல்லாமல் கணக்குப் போடுவதில் கை வேகம் இல்லை. இரண்டு வருடமாக இது அவளுக்கும் தெரியாது, வகுப்பு எடுத்தவர்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. தெரியாத ஒன்றுக்கு எல்லோரும் சேர்ந்து வைத்தியம் செய்துகொண்டிருந்தோம்.

மூன்றாம் தடவையில் பௌதிகவியல் பீ வந்தது. மருத்துவம் மட்டுமட்டாகத் தவறியது. இப்போது கெம்பஸில் பாமசி படிக்கிறாள். அல்ஹம்துலில்லாஹ், நன்றாக இருக்கிறாள். ஆனால் அந்த 2 மணித்தியாலப் பரிசோதனையை முதல் தடவை முடிந்த கையோடு நாங்கள் செய்து பார்த்திருந்தால் என்ற எண்ணம் எங்களை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

கல்வியியற் கல்லூரியில் எங்களுக்கு முதல் வருடத்திலேயே படிப்பிக்கிற ஒரு விசயம் இருக்கிறது. முதலில் கண்டறி சோதனை, பிறகு பரிகாரக் கற்பித்தல். தரம் 6 பிள்ளைக்குப் பின்னம் விளங்கவில்லை என்றால்கூட எந்தப் படியில் பிழைக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் திரும்பப் படிப்பிப்போம். மருத்துவ பீடக் கனவோடு நிற்கிற பிள்ளைக்கு மட்டும் கண்டறிதல் கிடையாது. நேராக வகுப்புக் காசு கட்டுவதுதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நமது நாட்டில் மானிய ஆணைக்குழு மூலம் மருத்துவ பீடத்துக்குப் போக நேர்முகப் பரீட்சை இல்லை, கட்டுரை எழுதிக் கொடுப்பதும் இல்லை. பிள்ளையின் விண்ணப்பம் என்பது இஸட் புள்ளியும் விருப்பத் தெரிவு ஒழுங்கும்தான். ஆனால் பெறுபேற்றில் பாடத்துக்குப் பாடம் எத்தனை மாக்ஸ் என்று வராது. ஏ, பீ, சீ வரும். மூன்று பாடத்தின் சராசரி இஸட் வரும். மாவட்ட நிலையும் தீவு நிலையும் வரும். ஏ என்றால் 75 ஆகவும் இருக்கலாம், 95 ஆகவும் இருக்கலாம். எங்கே போனது என்று அந்தத் தாள் சொல்லாது. நாம்தான் தேட வேண்டும்.

இஸட் புள்ளி என்பது, நாடு முழுக்க அந்தப் பாடத்தை எழுதியவர்களின் சராசரியிலிருந்து உங்கள் பிள்ளை எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதை நியம விலகலால் பிரித்து எடுக்கிற எண். மூன்று பாடத்தின் எண்ணையும் கூட்டி மூன்றால் பிரிப்பார்கள். ஒரு உதாரணம் பாருங்கள். ஒரு பிள்ளைக்கு உயிரியலில் 2.1, இரசாயனவியலில் 1.9, பௌதிகவியலில் 0.8 என்று வைப்போம். சராசரி 1.6. அடுத்த வருடம் உயிரியலை உருப்போட்டு 2.3 ஆக்கினால் சராசரி 1.67 தான். பௌதிகவியலை 1.5 ஆக்கினால் 1.83. மேலே இருக்கிற பாடத்தில் இன்னும் ஏறுவது கஷ்டம். கீழே இருக்கிற பாடத்தில் ஏற இடம் நிறைய இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் விருப்பமான பாடத்தின் கொப்பியைத்தான் திறப்பார்கள். நாமும் அப்படித்தானே, சுகமான வேலையைத்தான் முதலில் செய்வோம்.

ஆகவே வகுப்பில் சேர்வதற்கு முன் ஒரு கிழமை எடுத்து இதைச் செய்யுங்கள்.

1. பிள்ளை எழுதிய அதே வருடப் பேப்பரை, மூன்று பாடத்திலும், வீட்டில் பரீட்சை நேரப்படி திரும்ப எழுதட்டும். போனைச் சாச்சா வீட்டில் கொடுத்துவிடுங்கள். எம்சீகியூவுக்கு 2 மணித்தியாலம், அதாவது ஒரு கேள்விக்கு 2 நிமிடம் 24 செக்கன். இரண்டாம் பேப்பருக்கு 3 மணித்தியாலம். 4 அமைப்புக் கட்டுரை, 4 கட்டுரை. ஒன்றுக்கு 22 நிமிடம் சொச்சம்தான் வரும்.

2. பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளியிடும் திட்டத்தை வைத்து வேறு ஒருவர் திருத்தட்டும். பிள்ளை தானே திருத்தினால் தனக்கு இரக்கம் காட்டும். ஊரில் மருத்துவ பீடத்தில் படிக்கிற பிள்ளை லீவில் வந்திருந்தால் அவரிடம் கொடுங்கள்.

3. போன ஒவ்வொரு மாக்ஸையும் நாலு பெட்டியில் போடுங்கள். பாடமே தெரியாது. தெரியும், ஆனால் புள்ளித் திட்டம் கேட்கிற சொல்லில் எழுதவில்லை. தெரியும், நேரம் போதவில்லை. கேள்வியைப் பிழையாக வாசித்தது.

4. எந்தப் பெட்டி பெரிதோ அதற்குத்தான் அடுத்த மாதங்களின் பெரிய பங்கு. பாடம் தெரியாதவருக்குத்தான் வகுப்பு மருந்து. சொல் பிழைக்கிறவருக்குத் தேசிய கல்வி நிறுவகத்தின் வளநூலும் எழுதித் திருத்திப் பழகுவதும்தான் மருந்து. நேரம் போதாதவர் இன்னொரு தியரி வகுப்பில் போய் இருந்தால் நேரம் இன்னும் வீணாகும். அவருக்கு மணிக்கூடும் பழைய பேப்பரும் போதும்.

இந்த ஒரு கிழமையை நாங்கள் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. 2024 ஆம் ஆண்டுப் பரீட்சையின் பெறுபேறு 2025 ஏப்ரல் கடைசியில் வந்தது. அடுத்த பரீட்சை நவம்பர் 10 இல் தொடங்கியது. இடையில் ஆறரை மாதம். முழு வருடம் இருக்கிறது என்று நினைத்து, வெட்டுப்புள்ளி வரும்வரை பார்ப்போம், மீள்திருத்தம் வரும்வரை பார்ப்போம் என்று காத்திருந்தால் பாதிக் காலம் போய்விடும். ஆறு மாதத்தில் முழுப் பாடத்திட்டத்தையும் முதலிலிருந்து படிக்க முடியாது. எங்கே ஓட்டை என்று தெரிந்தால் அடைக்கலாம்.

அடுத்தது ஆய்வுகூடம். பௌதிகவியல் அமைப்புக் கட்டுரைகள் பெரும்பாலும் செய்முறையைத்தான் கேட்கும். ரிப்பீட் பண்ணுகிற பிள்ளைக்கு ஆய்வுகூடம் எங்கே? பள்ளிக்கூடத்தை விட்டு விலகிய அடுத்த நாளே அந்தக் கதவு பூட்டு. ரியூஷன் ஹோலில் வெண்பலகையில் கீறிய வேணியர் இடுக்கிதான். பியூரெட்டைக் கையில் பிடித்து இரண்டு வருடமான பிள்ளை, வழுக்கள் எங்கே வரும் என்று எப்படி எழுதும்?

இதில் எங்கள் சகோதர ஆசிரியர்களிடமும் அதிபர்மாரிடமும் ஒரு வேண்டுகோள். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, மூன்று மணித்தியாலம், உங்கள் பழைய மாணவர்களுக்கு ஆய்வுகூடத்தைத் திறந்துவிடுங்கள். ஒரு ஆசிரியர் கூட நின்றால் போதும். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் கதைத்தால் முடியாத காரியம் இல்லை. நாங்கள் வந்து நிற்கத் தயார்.

பள்ளிவாசல் நிர்வாகங்களிடமும் ஊர் அமைப்புகளிடமும் ஒன்று. மருத்துவ பீடம் போகிற பிள்ளைக்குப் பொன்னாடை, சின்னம், மேடை எல்லாம் செய்கிறீர்கள். நல்ல விசயம். அந்தச் செலவில் ஒரு பங்கை, கொஞ்சத்தால் தவறிய பிள்ளைகளுக்கு மாதம் ஒரு மாதிரிப் பரீட்சை நடத்தித் திருத்திக் கொடுக்கப் பாவியுங்கள். மேடையில் ஏறியவருக்கு நம் காசு அவ்வளவு தேவை இல்லை.

விண்ணப்பப் படிவத்தைப் பற்றியும் ஒரு சொல். மானிய ஆணைக்குழுவின் விண்ணப்பத்தில் மருத்துவ பீடங்களை மட்டும் போட்டுவிட்டு நிறுத்துகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். "கீழே வேறு போட்டால் அதைத் தந்துவிடுவார்கள்" என்ற பயம். தெரிவு நடப்பது விருப்ப ஒழுங்குப்படி. மேலே போட்டதற்குப் புள்ளி போதுமென்றால் கீழே உள்ளது அதைப் பறிக்காது. பல் மருத்துவம், மிருக வைத்தியம், பாமசி, மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், தாதியியல், கொழும்பில் யூனானி, இப்படி உயிரியல் பிரிவுக்கு நல்ல வழிகள் பல உண்டு. ஆனால் ஒன்று கிடைத்துப் பதிவு செய்வதற்கு முன், பதிவு செய்தால் அடுத்த தடவைக்கான உரிமை என்னவாகும் என்பதை அந்த வருடக் கைந்நூலில் வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். சந்திக் கடையில் கேட்ட கதையை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

கடைசியாக உம்மா வாப்பாமாருக்கு. பல்கலைக்கழகத் தெரிவுக்கு மூன்று தடவைதான் கணக்கு. மூன்றாவது தடவை எடுப்பதா என்பதைப் பெறுபேறு வந்த இரவில், அழுகையோடு முடிவு செய்யாதீர்கள். அந்தக் கிழமைப் பரிசோதனை முடியட்டும். அடைக்கக்கூடிய ஓட்டை தெரிகிறது என்றால், பிள்ளைக்கும் மனம் இருந்தால், துணிந்து எடுக்கட்டும். ஓட்டையே தெரியவில்லை, பிள்ளைக்கு நித்திரை இல்லை, சாப்பாடு இல்லை என்றால், வேறு வழியில் அனுப்புவது தோல்வி இல்லை. அது பிள்ளையைக் காப்பாற்றுவது. பொம்பிளைப் பிள்ளை என்றால் இடையில் கல்யாணப் பேச்சும் வந்து சேரும். "இந்தத் தடவை இல்லாட்டி மாப்பிள்ளை பார்க்கிற" என்று கழுத்தில் கத்தியை வைத்துவிட்டுப் பரீட்சைக்கு அனுப்பாதீர்கள். அந்தப் பிள்ளை எந்தக் கேள்வியை ஒழுங்காக வாசிக்கும்?

"நஸீப் இல்ல" என்று நாம் சொல்வதில் தப்பில்லை. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நமது மார்க்கம். பேப்பரைத் திருப்பிப் பார்க்காமலே நஸீபின் மேல் பழியைப் போடுவது நியாயமில்லை.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி ஒரு பிள்ளை இருந்தால் இந்தப் பதிவை அனுப்பிவிடுங்கள். பேப்பர் திருத்த ஆள் இல்லாவிட்டால் இன்பொக்ஸில் சொல்லுங்கள், தெரிந்தவர்களோடு கதைத்து ஒழுங்கு செய்து தருகிறோம். சனிக்கிழமைக்கு ஆய்வுகூடம் தரக்கூடிய அதிபர்மார் இருந்தாலும் சொல்லுங்கள். இந்த முறை ஒரு பிள்ளையாவது 34 ஆவது கேள்வியில் நிற்கக்கூடாது.

வஸ்ஸலாம்.