பறக்கும் வீரனும் பறிகொடுத்த உழைப்பாளிகளும்

சூப்பர்மேன் என்ற பறக்கும் வீரனின் சித்திரக் கதை 1939 முதல் 1966 வரை அமெரிக்கத் தினசரிகளில் வெளிவந்தது. ஏழைகளைக் காக்கும் அந்த வீரனைப் படைத்தவர்களின் கதி என்ன?

கதை எழுதியவர் ஜெர்ரி சீகல். படம் வரைந்தவர் ஜோ ஷூஸ்டர். கிளீவ்லாண்டு நகரத்து இளைஞர்கள். பத்திரிகைகள் பல வருஷம் திருப்பியனுப்பிய கதையை 1938-ல் ஒரு கம்பெனி ஏற்றது. 13 பக்கத்துக்குக் கூலி 130 டாலர். அதற்கே உரிமை முழுவதையும் எழுதி வாங்கிக்கொண்டது!

லாபம் கோடி கோடியாகக் குவிந்தது. 1947-ல் இருவரும் வழக்குப் போட்டார்கள். மறு வருஷம் ஒரு தொகையைக் கொடுத்துக் கணக்கை முடித்த கம்பெனி, அவர்கள் வேலையைப் பறித்தது, பெயரையும் அழித்தது.

“சம்மதித்துத்தானே கையெழுத்துப் போட்டார்கள்?” என்று வாதிக்கிறார்கள் முதலாளிகளின் வக்கீல்கள். வேறு வழியற்றவன் போட்ட கையெழுத்து சம்மதமா? கடன் பத்திரத்தில் கைநாட்டு வைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டுமா?

1975-ல் சீகல் ஊரறிய முறையிட்டார். சக சித்திரக்காரர்கள் திரண்டார்கள். அதன் பிறகே ஆளுக்கு வருஷம் 20,000 டாலர் கிடைத்தது. அழித்த பெயரும் திரும்பியது. உரிமை மட்டும் கம்பெனியிடமே இருந்தது. அந்தப் பழைய 130 டாலரைத் தாங்கிய செக் காகிதமோ 2012-ல் 1,60,000 டாலருக்கு ஏலம் போனது!

தோழர்களே! பறக்கும் வீரன் வந்து அவர்களைக் காக்கவில்லை. சக உழைப்பாளிகளின் ஒற்றுமையே காத்தது. நாம் நம்ப வேண்டிய வீரன் அந்த ஒற்றுமைதான்!