கன்று வருது, பட்டா எங்கே?

வேளாங்கண்ணிக்கு வேண்டுதலோடு வருபவர்கள் தென்னங்கன்று காணிக்கை வைப்பதைச் சின்ன வயசிலிருந்து பார்த்தவன் நான். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் அடித்த பிறகு கன்றுகள் எங்கள் சேரிக்கும் வந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியூர்த் தன்னார்வக் குழு ஒன்று வந்தது. ரோட்டோரப் புறம்போக்கில் குழி வெட்டி, புங்கை, வேம்பு, நாவல் நட்டார்கள். போட்டோ எடுத்தார்கள். "தண்ணி ஊத்திப் பாத்துக்குங்கம்மா" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினார்கள்.

என் அத்தை கேட்டது: "நாள்பூரா நடவு வயல்ல நிக்கிறோம். வந்து குடிதண்ணிக்கு லைன்ல நிக்கிறோம். இதுக்கும் நாங்கதான் ஊத்தணும். சரி, ஊத்துறோம் தம்பி. காய்ச்சா யாருக்கு?"

பதில் இல்லை.

அந்தப் பிள்ளைகளின் நல்ல மனசை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் தோழர்களே, கூலியில்லாமல் செய்யும் வேலைக்கு அவர்கள் அகராதியில் சேவை என்று பெயர். நம் பாட்டன் காலத்தில் அதற்கு வெட்டி என்று பெயர். கூலி உயர்வு கேட்டதற்காகப் பக்கத்துக் கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25-இல் 44 பேரை எரித்த மண் இது. இங்கே இலவச உழைப்பைப் பற்றி யோசித்துத்தான் பேச வேண்டும்.

அதே கஜாவில் விழுந்த தென்னைக்கு, வெட்டி அகற்றும் செலவையும் சேர்த்து, மரத்துக்கு 1,100 ரூபாய் என்று அரசு அறிவித்தது. யாருக்கு? மரத்தின் சொந்தக்காரருக்கு. தண்ணி கட்டியவன், ஏறிக் காய் பறித்தவன் கணக்கிலேயே இல்லை. புறம்போக்குப் புளியமரமும் அப்படித்தான். நட்டது யாரோ, தண்ணி ஊத்தியது யாரோ. ஏலம் எடுக்கிறவன் காசுள்ளவன்.

அப்படியானால் மரமே நட வேண்டாமா? நடுவோம். உரிமையோடு நடுவோம். வெண்மணிக்குப் பிறகு இதே கீழத்தஞ்சையில் கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் 1981-இல் லாஃப்டி அமைப்பைத் தொடங்கி, நிலமில்லாத தலித் பெண்கள் பெயரில் நிலம் வாங்கிக் கொடுத்தார்கள். முதலில் பட்டா, பிறகு பயிர். வரிசை அதுதான்.

வருவாய்த்துறையின் கிராமக் கணக்கில் 2சி என்று ஒன்று இருக்கிறது. மரப்பட்டா. மண் அரசுடையதாக இருந்தாலும் மரத்தின் பலன் பட்டா வைத்திருப்பவருக்கு. குழி வெட்டும் முன்பே, தண்ணி ஊற்றப் போகும் பெண்கள் பெயரில் அதற்கு மனுப் போட வேண்டும். மண்வெட்டியோடு வரும் குழுக்கள் தாலுகா ஆபீஸ் வாசலிலும் எங்களோடு வந்து நிற்கட்டும். அதுதான் சேவை.

மாணவத் தோழர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் ஊர் கிராம நிர்வாக அலுவலரிடம் 2சி கணக்கைக் கேளுங்கள். அதில் சேரிக்காரர் பெயர் எத்தனை, பெண் பெயர் எத்தனை என்று எண்ணுங்கள். கொடுக்க மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள்.

அத்தை ஊற்றிய நாவல் இன்று ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிறது. அது காய்ப்பதற்குள் பட்டா வாங்கியாக வேண்டும்.