என்னை அதிலிருந்து எடுத்துவிடு, தம்பி

மரக்காணம் பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் பதினாறு ஆண்டுகளாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வருமானச் சான்றுக்கு விண்ணப்பிக்க, மின் கட்டணம் கட்ட, தேர்வு முடிவு பார்க்க என்றுதான் ஆட்கள் வருவார்கள். நாலைந்து வருடங்களாக இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. போனை மேசைமேல் வைத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இதுல இருந்து என்னை எடுத்துடு தம்பி" என்கிறார்கள்.

போன ஆனி மாதம் அப்படி வந்தவர் உப்பளத்தில் உப்பு சுமக்கும் ஓர் அக்கா. என் அம்மாவும் அவரோடு அதே அளத்தில் கூடை சுமந்தவர்தான். அவர் காட்டிய வீடியோ 2019 கோடையில் எடுத்தது. மதியச் சோற்று நேரத்தில், உப்பு அம்பாரத்தின் அடியில், தலையில் சும்மாடு கலையாமல், ஆறு பெண்கள் ஒரு பழைய சினிமாப் பாட்டுக்கு வாயசைத்து ஆடுகிறார்கள். இருபது வினாடிகூட வராது. டிக்டாக்கில் போட்டது. இப்போது அது வேறொரு செயலியில், யாரோ ஒருவரின் கணக்கில், அவர்கள் நிறத்தையும் உடம்பையும் கேலி செய்யும் வரிகளோடு ஓடிக்கொண்டிருக்கிறது. கல்லூரியில் படிக்கும் அவர் மகளுக்கு வகுப்புத் தோழி ஒருத்தி காட்டியிருக்கிறாள். மகள் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை.

"நான் அந்த ஆப்பை அப்பவே அழிச்சிட்டேன். கவர்மெண்டும் அழிச்சிடுச்சு. அப்புறம் எப்படி தம்பி இது இருக்கு?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

டிக்டாக் எங்கள் ஊருக்கு எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது என்பதைச் சென்னையில் இருப்பவர்கள் நம்பமாட்டார்கள். மூவாயிரம் ஏக்கருக்கும் மேல் பரந்த அளத்தில், விடியுமுன் இறங்கி வெயில் ஏறும்வரை கூசும் வெள்ளையைப் பார்த்தே கண் கெட்டுப்போகிற பெண்கள், தங்கள் முகத்தைத் தாங்களே ஒரு திரையில் பார்த்துச் சிரித்த முதல் இடம் அது. 2019 ஏப்ரல் 3ஆம் தேதி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்தச் செயலிக்கு இடைக்காலத் தடை போட்டது. மூன்று வாரத்தில், 24ஆம் தேதி, தடை நீங்கியது. 2020 ஜூன் 29ஆம் தேதி மத்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தபோது அதுவும் போய்விட்டது. நாடு முழுக்க சுமார் 20 கோடிப் பேர் அதில் இருந்ததாக அப்போது கணக்குச் சொன்னார்கள். நாட்டின் பாதுகாப்பு என்று காரணம் சொன்னார்கள், அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் உங்கள் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள் என்று இந்தப் பெண்களுக்கு யாரும் ஒரு வாரம் அவகாசம் தரவில்லை.

ஆக, அக்கா வைத்துக்கொள்ள விரும்பியது ஓரிரு நாளில் அவர் கையை விட்டுப் போனது. அவர் அழிக்க விரும்புவது ஆறு வருடமாக உயிரோடு இருக்கிறது. அழிக்கும் அதிகாரம் அரசிடம் இருக்கிறது, நிறுவனத்திடம் இருக்கிறது, பிரதி எடுத்த யாரோ ஒருவனிடம் இருக்கிறது. அந்த முகத்துக்குச் சொந்தக்காரியிடம் மட்டும் இல்லை. இது அநியாயம்.

கடைக்கு வருகிறவர்களில் பத்தில் எட்டுப் பேர் "அழித்துவிட்டேன்" என்று சொல்வது போனிலிருந்து செயலியை நீக்கியதைத்தான். செயலி போனில் இருக்கும் பொருள். கணக்கு நிறுவனத்தின் கணினியில் இருப்பது. செயலியை எடுத்தால் நம் கண்ணுக்குத்தான் மறைகிறது, ஊருக்கு நாம் தெரிந்துகொண்டே இருப்போம். அடுத்தது தற்காலிக முடக்கம். முகநூலில் முடக்கினால் உங்கள் பக்கம் மற்றவர்களுக்குத் தெரியாது, ஆனால் எல்லாம் பத்திரமாக அங்கேயே இருக்கும். மறுபடி உள்ளே நுழைந்தால் திரும்பி வந்துவிடும். மூன்றாவதுதான் நிரந்தர நீக்கம். அதைக் கேட்டாலும் 30 நாள் காத்திருப்பார்கள். அதற்குள் பழக்கதோஷத்தில் ஒருமுறை உள்ளே போய் நீக்கத்தை ரத்து செய்துவிட்டால், நீக்கக் கோரிக்கை செல்லாது. அதன் பிறகும் எல்லாவற்றையும் துடைக்க 90 நாள் வரை ஆகலாம் என்று அவர்களே சொல்கிறார்கள். நீங்கள் பிறருக்கு அனுப்பிய செய்திகள் அவர்கள் பெட்டியில் அப்படியே இருக்கும்.

சேர்வதற்கு ஒரு பெயரும் ஒரு போன் எண்ணும் போதும். விலகும் வழியோ அமைப்புகளுக்குள் கணக்கு மையம், அதற்குள் தனிப்பட்ட விவரம், அதற்குள் கணக்கு உரிமை என்று அறைக்குள் அறையாக இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரிந்த எனக்கே முதல்முறை அரைமணி நேரம் பிடித்தது.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று எங்கள் கரைக்கென்றே இருக்கிறது. ஐப்பசி தொடங்கி மார்கழி முடிய அளத்தில் வேலை கிடையாது. பாத்தியெல்லாம் மழைத் தண்ணீர். கூலி இல்லாத மூன்று மாதத்தில் முதலில் நிற்பது போன் ரீசார்ஜ். 90 நாள் பயன்படுத்தாத ப்ரீபெய்டு எண், கணக்கில் 20 ரூபாய்கூட இல்லையென்றால், துண்டிக்கப்படும். துண்டித்த எண்ணைக் குறைந்தது 90 நாள் வேறு யாருக்கும் தரக்கூடாது, பிறகு தரலாம். தை பிறந்து பாத்தி மிதிக்க இறங்கும்போது பலர் கையில் புது எண் இருக்கும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது அளத்தோடு வீடுகளுக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. அந்த அக்காவின் போனும் அதில்தான் போனது. அவருடைய பழைய முகநூல் கணக்கையும் நீக்கப் பார்த்தோம். கடவுச்சொல் நினைவில்லை. உறுதிசெய்யும் குறியீடு பழைய எண்ணுக்குப் போகிறது. அந்த எண் இப்போது யாரிடம் இருக்கிறதோ!

கைமாறும் எண்களால் வாட்ஸ்அப் தகவல்கள் தவறான கைக்குப் போகலாம் என்ற வழக்கு 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. பழைய எண்ணோடு இருக்கும் கணக்கை நீக்கித் தன் அந்தரங்கத்தைக் காத்துக்கொள்வது பழைய சந்தாதாரரின் பொறுப்பு என்று நீதிமன்றம் கருதியது. மரியாதையோடு சொல்கிறேன், அந்தப் பொறுப்பை நிறைவேற்ற எண் கையில் இருக்க வேண்டுமே. ரீசார்ஜ் செய்யக் காசில்லாமல் எண்ணை இழந்தவர், இழக்கப்போகும் தேதியை முன்கூட்டியே அறிந்து கணக்கை மூடிவைப்பாரா?

தானாக விலகுவது வேறு, விலக வைக்கப்படுவது வேறு. 2015 ஜனவரியில் பெருமாள்முருகன் தன் முகநூல் பக்கத்தில்தான், எழுத்தாளனாகிய தான் இறந்துவிட்டதாக அறிவித்தார். அவராக விரும்பி விலகவில்லை; மிரட்டி விலக வைத்தார்கள். 2016 ஜூலை 5ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகுதான் அவரால் மீண்டும் எழுத வர முடிந்தது. பெயர் பெற்ற எழுத்தாளருக்காக நாடே பேசியது. ஒவ்வொரு மாதமும் என் கடையில் கணக்கை மூடச் சொல்லி அண்ணனோடும் கணவரோடும் வந்து நிற்கும் பெண்களுக்காக யாரும் பேசவில்லை. கேலி செய்தவன் கணக்கு அப்படியே இருக்கும், கேலிக்கு ஆளானவள் கணக்கு மூடப்படும். "நீ ஏன் போட்ட?" என்ற கேள்விதான் எல்லா வீட்டிலும் முதலில் வருகிறது. அப்படிக் கேட்கும் ஆண்களிடம் நான் இப்போது சொல்லிவிடுகிறேன்: அந்தப் பெண் தன் வாயால் கேட்டால்தான் மூடுவேன்.

சட்டம் இல்லாமல் இல்லை. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியமான பகுதிகள் 18 மாதம் கழித்து, 2027 மே மாதம்தான் நடைமுறைக்கு வரும். சம்மதம் கொடுப்பது எவ்வளவு எளிதோ அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்று அதன் 6ஆம் பிரிவு சொல்கிறது. நல்ல வரி. தகவலை அழிக்கச் சொல்லும் உரிமையும், நாம் இறந்தால் நமக்காகக் கேட்க ஒருவரை நியமிக்கும் உரிமையும் அதில் உண்டு.

ஆனால் அக்காவுக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. ஒருவர் தானாகவே பொதுவெளியில் வைத்த தகவலுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 3ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. அவர் 2019இல் தானே போட்ட வீடியோ. தோழிகளோடு சிரிப்பதற்குப் போட்டதும், கேலி செய்ய எவனோ எடுத்து வைத்திருப்பதும் ஒன்றென்று சட்டம் பார்க்கிறது. அந்த விலக்கைத் திருத்த வேண்டும். தானாகப் போட்டவருக்குத் தானாகத் திரும்ப எடுக்கும் உரிமையும் வேண்டும், பிரதிகளையும் சேர்த்து.

இரண்டு கோடிப் பயனாளர்களுக்கு மேல் உள்ள சமூக ஊடகங்கள், மூன்று வருடம் பயன்படுத்தாதவரின் தரவை அழிக்க வேண்டும், 48 மணி நேரம் முன்பே தெரிவிக்க வேண்டும் என்றும் விதி சொல்கிறது. அந்தத் தகவல் எந்த எண்ணுக்குப் போகும்? மழைக்காலத்தில் செத்துப்போன எண்ணுக்குத்தானே?

செய்யக்கூடியவை இருக்கின்றன. துண்டிக்கப்பட்ட எண்களின் பட்டியலைப் பார்த்து வாடிக்கையாளர் கணக்குகளைச் சரிசெய்துகொள்ளும்படி ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் வங்கிகளுக்குச் சொன்னது. பணத்துக்குக் கொடுத்த பாதுகாப்பை முகத்துக்கும் கொடுங்கள். சமூக ஊடக நிறுவனங்களும் அந்தப் பட்டியலைப் பார்க்கட்டும். தமிழக அரசின் இ-சேவை மையங்களில் சாதிச் சான்றுக்கு விண்ணப்பிப்பது போல, கணக்கை நீக்கவும், நிறுவனம் தள்ளிவிட்ட புகாரை மேல்முறையீட்டுக் குழுவுக்கு அனுப்பவும் தமிழில் ஒரு சேவையைச் சேர்க்கலாம். அந்தக் குழுக்களை மத்திய அரசு 2023லேயே அமைத்துவிட்டது. எங்கள் தாலுகாவில் அப்படி ஒன்று இருப்பதை அறிந்தவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

அக்காவின் வீடியோ குறித்து என் கடையிலிருந்து மூன்று முறை புகார் அனுப்பினோம். விதிமீறல் எதுவும் இல்லை என்று மூன்று முறையும் ஆங்கிலத்தில் பதில் வந்தது. மூன்றாவது பதிலை நான் தமிழில் சொல்லி முடித்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அழிக்கிறதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு எடுத்துக் குடு தம்பி" என்றார். அந்த ஆறு பேரில் ஓரத்தில் நின்று ஆடும் பெண் கொரோனா இரண்டாம் அலையில் இறந்துபோனவர். அவர் சிரிக்கும் படம் வேறு எதுவும் அவர் வீட்டில் இல்லை. கேலி வரிகளை வெட்டி எடுத்துவிட்டு, வீடியோவை அக்காவின் மெமரி கார்டில் ஏற்றிக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை.

அந்த வீடியோ இன்றும் அங்கே இருக்கிறது. வெள்ளை உப்பு அம்பாரத்தின் முன்னால் ஆறு பெண்கள் ஆடும் காட்சி உங்கள் கைக்கு வந்தால், தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். புகார் பொத்தானை அழுத்துங்கள்.