மரம் கெட்டதா, கட்டிய முறை கெட்டதா?

மாட்டுக் கொட்டகை போட்டு நாலைந்து மழைக்காலம் போவதற்குள் தூணின் அடிப்பாகம் இற்றுப் போய்விட்டது என்ற குறை கிராமங்களில் சாதாரணமாகக் கேட்கப்படுகிறது. உடனே பழி மரத்தின் மேல் விழுகிறது. வரப்பில் வளர்ந்த வேம்பை விறகு விலைக்குத் தள்ளிவிட்டு, கடன் வாங்கி இரும்புக் குழாய் நடுகிறார்கள். இது சரியல்ல. பெரும்பாலான இடங்களில் கெட்டது மரமல்ல. அதை நிறுத்திய முறைதான்.

மரத்தை இற்றுப் போகச் செய்வது பூஞ்சணம். அது வளர ஈரமும் காற்றும் சேர்ந்து வேண்டும். கிணற்றடியில் நீருக்குள்ளேயே கிடக்கும் நெல்லிக்கட்டை இற்றுப் போவதில்லை. அங்கே காற்று இல்லை. ஒழுகாத கூரையின் கீழுள்ள கைமரமும் இற்றுப் போவதில்லை. அங்கே ஈரம் இல்லை. இரண்டும் சேரும் இடம் தரை மட்டம். தூண் அங்கேதான் முதலில் கெடுகிறது.

இன்று பலர் குழி தோண்டி, தூணை இறக்கி, சுற்றிலும் கான்கிரீட் போடுகிறார்கள். பலம் என்று நினைத்துச் செய்வதே பலவீனமாகிறது. மரம் காய்ந்து சுருங்கியதும் விழும் இடைவெளியில் மழை நீரும் கோமியமும் இறங்கித் தேங்குகின்றன. மரத்தின் வெட்டுமுகம் பக்கங்களைவிடப் பல மடங்கு வேகமாக நீரை உறிஞ்சக் கூடியது. அந்த வெட்டுமுகமே குழிக்குள் நிற்கிறது.

முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். பழைய திண்ணை வீடுகளில் மரத்தூண் கல் பாதத்தின் மேலேயே நிற்கும். கன்னியாகுமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனை, மார்த்தாண்ட வர்மா காலத்தில், 18-ஆம் நூற்றாண்டில் பெரிதும் திருத்திக் கட்டப்பட்டது. இரண்டு பருவமழையும் பெய்யும் அந்தப் பகுதியில் அதன் மரவேலை இன்றும் நிற்கக் காரணம், நல்ல மரமும் இடைவிடாத பராமரிப்பும் மட்டுமல்ல. சரிந்த ஓட்டுக் கூரையும் நீண்ட இறவாரமும்தான்.

எனவே விவசாயிகள் முதலில் கவனிக்க வேண்டியது மரத்தைக் காய வைப்பது. பச்சை மரத்தில், காய்ந்த கட்டையின் எடையில் பாதிக்கு மேல் ஈரம் இருப்பது சாதாரணம். அது 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் பூஞ்சணம் வளராது. அறுத்த மரத்தை நிழலில், தரையில் படாமல், இடையிடையே குச்சி வைத்து அடுக்கிப் பல மாதம் காய விட வேண்டும். வெட்டுமுகங்களில் தார் பூசினால் வெடிப்பு குறையும். வைரம் பாய்ந்த பாகத்தையே தூணுக்கு எடுக்க வேண்டும்; வெள்ளைப் பாகம் சீக்கிரம் உளுத்துப் போகும்.

அடுத்து, தரைக்கு மேல் ஓர் அடி உயரக் கல் பாதம் அமைத்து, இரும்பு முளை வைத்துத் தூணை நிறுத்த வேண்டும். கல்லின் மேல்புறம் நீர் தங்காதபடி வெளிச் சரிவாக இருக்கட்டும். கரையான் ஏறினாலும் அதன் மண் பாதை கல்லின் மேல் கண்ணுக்குத் தெரியும். கூரை சுவரைத் தாண்டி இரண்டடியாவது நீள வேண்டும்.

பூச்சு இவற்றுக்குப் பிறகுதான். பச்சை மரத்துக்குப் பெயிண்ட் அடித்தால் உள்ளீரம் சிறைப்படும். காய்ந்த மரத்துக்கு முந்திரிக் கொட்டை எண்ணெய் நல்லது. ஆனால் அது தோலைப் புண்ணாக்கும், கையில் படக் கூடாது. வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசல் உளுப் பூச்சியைத் தடுக்கும்; மழையில் கரைந்துவிடுமாதலால் கூரைக்கு உள்ளேயுள்ள மரத்துக்கே அது ஏற்றது.

கல்லுக்கும் கூரைக்கும் கூடுதல் செலவாகுமே என்பார்கள். ஆகும். ஆனால் இற்றுப்போன தூணை மாற்றும் செலவு திரும்பத் திரும்ப வருவது. 2022-ல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தில் வரப்புக்கு மரக்கன்று வழங்கப்படுகிறது. மரம் நடச் சொல்பவர்கள், அதை வெட்டிக் காய வைத்துக் காக்கும் முறையையும் கூடவே சொல்லித் தர வேண்டும். சொந்த மரம் சொந்தக் கொட்டகைக்கு உதவும் என்று கண்ணால் கண்டால்தான் விவசாயி அடுத்த கன்றை நடுவார்.