பெயின்ட் மறைக்குமா?

மண்பாதை ரேசுக்காக மாற்றியமைத்த பழைய யெஸ்டி 250 ஒன்றை நானும் என் ரூம்மேட்டும் பிரித்துப் போட்டிருக்கிறோம். மைசூர் ஐடியல் ஜாவா ஆலை 1996-லேயே மூடிவிட்டதால் பாகங்களுக்குப் பழைய இரும்புக்கடைதான் கதி. (கிக்கரே கியர் லீவராகவும் வேலை செய்யும் வண்டி, ஜூனியர்கள் வாய் பிளந்தார்கள்!)

ஸ்டியரிங் ஹெட் வெல்டிங்கில் மண்ணெண்ணெய் தடவி, ஊறவிட்டுத் துடைத்து, சாக்பொடி பூசினோம். மயிரிழை போல ஈரக்கோடு. விரிசல்!

"பட்டி பார்த்து பெயின்ட் அடிச்சுடலாம்டா, காலேஜ் டேக்கு ஓட்டணும்ல?" என்றான். எனக்கு உடன்பாடில்லை. ஜம்ப்பில் இறங்கும்போது முன்சக்கரம் வாங்குகிற அடி, ஃபோர்க் வழியாக அங்கேதான் போய் விழும். ஓட்டப்போவதும் அவன்தானே! விரிசலைத் தோண்டியெடுத்து வெல்டிங் செய்து, மறுபடி சோதித்த பிறகுதான் பெயின்ட். வெறும் பளபளப்புக்கு ரெஸ்டோரேஷன் என்று பேர் வைக்காதீங்கப்பா.

மூன்று நாள் அவன் பேசவில்லை. நேற்று ஒரு சாக்பீஸ் பெட்டியை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனான்.