லேண்ட்மாஸ்டர் பெட்டிக்கு முதலில் பிரேக்



பழைய லேண்ட்மாஸ்டருக்குப் பெரிய டயர் மாட்டி, பெட்டியோடு தோட்டத்துச் சேற்று ரோட்டில் ஏறுகிற நம்ம பொடியன்மாரைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷம்தான். லொறி போகாத இடத்து லீக்ஸ், கரட் மூட்டையெல்லாம் அதில்தானே வருகிறது. அந்த மெஷினை 1950களில் வடிவமைத்தவரே நம் நாட்டு எஞ்சினியர் ரே விஜேவர்தன. இப்போது ஓடுவது குபோட்டா என்றாலும் பெயர் மாறவில்லை. ஆனால் அது வயலுக்குச் செய்தது, மலைக்கு அல்ல.

ஏற்றத்தில் டயர் காற்றைக் கொஞ்சம் குறைப்பது, வீலுக்குப் பாரம் போடுவது எல்லாம் சரி. ஆபத்து இறக்கத்தில். பாரம் பின்னாலிருந்து தள்ளும்போது வலது கிளச்சைப் பிடித்தால் அந்தப் பக்க வீல் தடையில்லாமல் உருளும், வண்டி இடது பக்கம் திரும்பும். சமதரையில் பழகிய கை அங்கே ஏமாந்துபோகும். பெரிய டயர் போட்டால் உயரமும் கூடும், சீக்கிரம் சரியும். இறங்குமுன் நிறுத்தி லோ கியர் போடுங்கள், நடுவழியில் நியூட்ரல் வேண்டாம்.

பிரேக் பிடிக்காத பெட்டியில் பிள்ளைகளை ஏற்றி ஸ்கூலுக்கு அனுப்புவதை நான் ஒருநாளும் ஏற்கமாட்டேன். கராஜ் வேலை தெரிந்த தம்பிமாரே, பெட்டிக்கு நல்ல கால் பிரேக் போட எவ்வளவு முடியும்? கமெண்டில் சொல்லுங்கள்.